முதலில் வந்தவன்

எங்கள் வீட்டுப் பேஸ்மென்ற்றில் ஒரு கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. ஆலயத்திலிருந்து வந்துபோகும் நண்பர்களில் பலர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். "அந்தக் கறுப்பு மீன் எங்கே அண்ணா?" என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டான். "கடையில குடுத்திட்டன்" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதில் அல்ல. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக் காசு சேர்த்தேன். அந்தக் காசில், ஒருவர் பாவித்து விற்ற 150 லீற்றர் தொட்டியை வாங்கினேன். அதற்கு முன் நன்னீர் மீன்கள் வளர்த்திருந்தேன். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் கடல் வந்துவிடும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, கல்லும் மணலும் போட்டு, ஹீற்றரை 25 பாகையில் வைத்தேன். ஆனால் கடல் வரவில்லை. உப்புத் தண்ணீர்தான் வந்தது.

மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் எடுக்கும். அந்த நாட்களைத் தாக்குப்பிடிக்கக்கூடிய மலிவான மீன் என்று கடைக்காரர் மூன்று டாம்சல் மீன்களைத் தந்தார். மீனே இல்லாமல் அமோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டும் தொட்டியைப் பழக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மூன்றும் கட்டைவிரல் நகமளவு குஞ்சுகள். கரிக்கறுப்பு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. என் தங்கைக்கு அவற்றை நன்றாகப் பிடித்துப்போனது. ஒரு மாதத்துக்குள் ஒன்றைக் காணவில்லை. இன்னொன்று வாலும் செட்டையும் கிழிந்து, மேல் மூலையில் இரண்டு நாள் ஒதுங்கி நின்று செத்தது. மிஞ்சியவன் தொட்டியின் நடுவிலிருந்த பெரிய கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். தங்கை அவனுக்கு ராசா என்று பெயர் வைத்தாள். நான் கண்ணாடி துடைக்கக் கையை விட்டால் என் விரலையே கொத்துவான். எங்களுக்கு அது பகிடியாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரித்தோம்.

மார்கழியில் தங்கையின் பிறந்தநாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு மீன் வேண்டும், அதைத் தானே தெரிவு செய்வேன் என்றாள். கடையில் அவள் காட்டியது ஃபயர்ஃபிஷ். முன்பாதி வெள்ளை, பின்பாதி நெருப்புச் சிவப்பு, முதுகில் கொடிபோல ஒரு நீண்ட முள். பெயரில்தான் நெருப்பு. உண்மையில் மிகவும் பயந்த மீன். ஆபத்து என்றால் ஒரு பொந்துக்குள் பாய்ந்துவிடும். பொந்து கிடைக்காவிட்டால் மேலே பாயும்.

சனிக்கிழமை பின்னேரம் அதைத் தொட்டியில் விட்டோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ராசா அம்புபோல வந்தான். அந்த மீன் எந்தப் பொந்தை நெருங்கினாலும் அவன் அங்கே நின்றான். ஞாயிறும் திங்களும் அது ஹீற்றருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. "பழகிவிடும்" என்று தங்கைக்குச் சொன்னேன். செவ்வாய் காலை, தொட்டிக்குப் பின்னால் கம்பளத்தில் அது காய்ந்து கிடந்தது. முதலில் கண்டது அவள்தான். பள்ளிக்கூடம் போகும் அவசரத்திலும் அதை ஒரு கடதாசியில் சுற்றி என் கையில் தந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபம் முழுவதும் ராசாவின்மேல். வலையை எடுத்தேன். முக்கால் மணி நேரம் துரத்தினேன். கல்லுக்குள் புகுந்த டாம்சலை வலையால் பிடிப்பது, ஓடுகிற பேருந்துக்குப் பின்னால் ஓடுவதுபோல. தண்ணீர் கலங்கி, சட்டை நனைந்து, நான்தான் களைத்தேன். அம்மா படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, "மூடி போடாத தொட்டிக்கு மீனிலயா கோபம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். கொன்ராட் லோரென்ஸ் என்ற ஒஸ்திரிய விலங்கியலாளர் பவளப்பாறை மீன்களைத் தொட்டியில் வைத்தும் கடலில் நீந்தியும் கவனித்தவர். விலங்குகளின் சண்டைக்குணம் பற்றி அவர் எழுதிய நூல் 1963இல் வெளிவந்தது. இந்த மீன்கள் தங்கள் இனத்தையே அதிகம் தாக்குகின்றன என்பதையும், கடலில் தோற்ற மீன் எல்லைக்கு அப்பால் போய்விட்டால் துரத்தல் அங்கேயே நின்றுவிடும் என்பதையும் அவர் விளக்கியிருக்கிறார். வாசித்தபோது விளங்கியது. ஆனால் மனதில் பதிந்தது, அதையே வேறொருவர் என் பக்கத்தில் நின்று சொன்னபோதுதான்.

தை முதல் கிழமை, திருகோணமலையிலிருந்து பெரியம்மாவின் மகன் படிக்க வந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். வேறு அறை இல்லாததால் அம்மா என் அறையில் அவருக்கு ஒரு கட்டில் போட்டார். நான் சண்டை பிடிக்கவில்லை. சிரித்துத்தான் வரவேற்றேன். ஆனால் என் மேசை, என் அலுமாரி, என் யன்னல் எதுவும் அசையவில்லை. இரவு பத்தரைக்குப் பிறகு அவர் தொலைபேசியில் வீட்டாரோடு பேசினால், நான் போர்வையை இழுத்து மூடுகிற சத்தம் அவருக்குக் கேட்கும்படி மூடுவேன்.

வந்து சில நாட்களில் அவர் பேஸ்மென்ற்றுக்கு வந்து ராசாவைப் பார்த்தார்.

"உவனை எனக்குத் தெரியும். புறாத்தீவுப் பக்கம் முக்குளிச்சா உவங்களைக் காணலாம். சின்னதுகள் கடற்சாமந்திக்குள்ள நிண்டு விளையாடும்" என்றார்.

"இவன் கெட்டவன் அண்ணா. மூண்டு மீனைக் கொண்டிட்டான்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "அங்கயும் கலைப்பான்தான். ஆனா அங்க கலைபட்டது அடுத்த கல்லுக்குப் போயிடும், இவனும் திரும்பித் தன்ர இடத்துக்கு வந்திடுவான். இங்க கலைபடுறது எங்க போறது தம்பி? இவனுக்கும் தன்ர இடம் எங்க முடியுது எண்டு தெரியாது. தொட்டி முழுக்கத் தன்ர எண்டுதான் நினைப்பான்."

பிறகு நாங்கள் இருவரும் வேலையைத் தொடங்கினோம். கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் ராசாவைப் பிடிக்க வேண்டும். ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, உள்ளே பார்க்கத் தலைகீழாகச் செருகி, ஒரு கல்லை வைத்துத் தொட்டியின் அடியில் கிடத்தினோம். சாப்பாடு உள்ளே. நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். "நீ நிண்டா அவன் வரமாட்டான். போத்தல் தொட்டியின்ர ஒரு பொருள் எண்டு அவன் நம்பவேணும்" என்றார் அண்ணா. நாலாம் நாள் காலை ராசா உள்ளே இருந்தான்.

இரண்டாவது, கற்களை எல்லாம் வெளியே எடுத்து வேறுவிதமாக அடுக்கினோம். முன்பு நடுவில் ஒரே மலை. இப்போது இரண்டு குவியல், இடையில் வெட்டவெளி, நிறையப் பொந்துகள். பழைய எல்லைகள் அழிந்துவிட்டால், பழையவனுக்கும் அது புது இடம்தான்.

மூன்றாவது, புது மீன்களுக்கு முதலிடம். பண்ணையில் பிறந்த இரண்டு சின்னக் கோமாளி மீன்களை ஒன்றாக வாங்கி விட்டோம். கோமாளி மீன்களும் டாம்சல் குடும்பம்தான், அவற்றுக்கும் கொஞ்சம் துணிவு உண்டு. ஒன்றுக்குப் பதிலாக இரண்டை விடும்போது துரத்தலும் பங்கிடப்படும். ராசாவை ஓட்டைகள் உள்ள தெளிவான பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு அதே தொட்டிக்குள் தொங்கவிட்டோம். பத்து நாள் அவன் பார்க்கலாம், முறைக்கலாம், கடிக்க முடியாது.

நான்காவது, விளக்கை அணைத்துவிட்டு இரவில் அவனைத் திறந்துவிட்டோம். ஒரு நேரச் சாப்பாட்டை இரண்டாகப் பிரித்தோம். கண்ணாடிக்கு வெளியே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை ஒட்டினோம். முதல் இரண்டு நாள் அவன் தன் நிழலோடு சண்டை பிடித்ததில் மற்றவை மூச்சுவிட்டன. ஐந்தாவது, தொட்டிக்கு ஒரு வலை மூடி. அதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கல் அடுக்கிய அன்று இரவு, கைகழுவிவிட்டு அறைக்குப் போனேன். அண்ணா குனிந்து, உலர்ந்த உடுப்புகளை மடித்துத் தன் பயணப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. அவர் இன்னும் பெட்டியிலிருந்துதான் உடுப்பு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை அன்றுதான் கண்டேன்.

"ஏன் அண்ணா அலுமாரியில வைக்கேல்லை?"

"இடம் இருக்கேல்லை தம்பி. பரவாயில்லை, பழகியிட்டுது."

தங்கைக்கு நான் சொன்ன அதே வார்த்தை. எனக்கு ஹீற்றருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த மீன்தான் நினைவுக்கு வந்தது. அன்று இரவே இரண்டு இழுப்பறைகளைக் காலி செய்தேன். மறுநாள் கட்டில்களை மாற்றிப் போட்டோம். மேசையை யன்னலுக்கு நடுவில் இழுத்து, ஆளுக்கொரு பக்கம் என்று வைத்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அது இலகுவாக இருக்கவில்லை. அந்த அறையில் நான் பத்து வருடம் தனியாக இருந்தவன். ஆனால் எல்லாவற்றையும் மாற்றிப் போட்ட பிறகு, "இது என்ர இடம்" என்று சொல்லப் பழைய அடையாளம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ராசாவின் கதை அதோடு முடியவில்லை. ஏழெட்டு மாதம் எல்லாம் அமைதியாகப் போனது. அவன் வளர்ந்தான், வெள்ளைப் பொட்டுகள் மங்கத் தொடங்கின. இந்த இனம் 14 சென்ரிமீற்றர்வரை வளரக்கூடியது. இலையுதிர் காலத்தில் கோமாளி மீனொன்றின் செட்டையில் கிழிசல் கண்டேன். திரும்பவும் கல்லை மாற்றினோம், பெட்டியில் போட்டோம். விட்ட மறுநாளே தொடங்கிவிட்டான். அவனுக்கு 150 லீற்றர் இனிப் போதாது. கடையில் பேசி, பெரிய மீன்கள் உள்ள பெரிய தொட்டிக்கு அவனைக் கொடுத்தோம். கொண்டுபோனபோது தங்கையும் வந்தாள். வாளிக்குள் பார்த்து, "போயிட்டு வா ராசா" என்றாள். அவளுடைய மீனைக் கொன்றவன் அவன். அவள் அவனை எப்போதோ மன்னித்திருந்தாள். எனக்குத்தான் நாள் எடுத்தது.

எந்த மீனையும் எந்தத் தொட்டியிலும் வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்ல நான் வரவில்லை. சிலவற்றுக்கு வேறு இடம்தான் சரி. மீன் வாங்கும் முன் அது எவ்வளவு வளரும், யாரோடு ஒத்துப்போகும் என்று கேளுங்கள். சண்டைக்காரனைக் கடைசியாக விடுங்கள். நான் செய்தது நேர் எதிர். அவனை முதலில் விட்டேன், முழுத் தொட்டியையும் கொடுத்தேன், மாதக்கணக்கில் தனியே ஆளவிட்டேன். பிறகு, இன்னொன்று வந்தபோது அவன் இடம் கொடுக்கவில்லை என்று கோபப்பட்டேன்.

நம் வாலிபர் கூட்டத்திலும் முதலில் வந்த சிலர் நாம் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே கதிரைகளில்தான் இருக்கிறோம், அதே பகிடிகளைச் சொல்லி நமக்குள் சிரிக்கிறோம். நாம் யாரையும் கடிப்பதில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் கதவோரத்தில் நிற்பதை நான் இப்போது கவனிக்கிறேன். போன கிழமை கதிரைகளை வட்டமாகப் போட்டுப் பார்த்தோம். கொஞ்சம் கலவரமாகத்தான் இருந்தது. யாருக்கும் தன் இடம் எதுவென்று தெரியவில்லை.

அண்ணா இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். இரவு பத்தரைக்கு வீட்டாரோடு பேசுகிறார். சில நாட்களில் பெரியம்மா என்னையும் கேட்பார். தொலைபேசியை வாங்கி நானும் பேசுவேன்.