ஜாகையும் பள்ளியும்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு உத்தியோகம் பார்க்க வருகிற குடும்பங்களுக்கு ஜாகை தேடிக் கொடுப்பதும், அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளியில் இடம் பார்த்துத் தருவதும் என்னுடைய தொழில். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்பெனி மாற்றலில் வருகிற கணினிப் பொறியாளர்களும், அரசாங்க மருத்துவ சேவையில் சேர வருகிற டாக்டர்களும் நர்ஸுகளுமே என்னிடம் மிகுதியாக வருகிறவர்கள். விமானம் ஏறுவதற்குச் சில மாதங்கள் முன்பே டெலிபோனில் தொடங்கிவிடுகிற அந்தப் பரிச்சயத்தில், தகப்பனார் கேட்கிற முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருக்கும்: "சார், அந்தப் பக்கத்துல நல்ல ஸ்கூல் எது? அதுக்குப் பக்கத்திலேயே வீடு பாத்துடலாம்." நான் அதற்குப் பதில் சொல்லாமல், "உங்க கடைசிக் குழந்தைக்கு என்ன வயசு?" என்று திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்வியில்தான் என் தொழிலின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நம் ஊரில் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது ஒரு காரியம். வீட்டைத் தேர்ந்தெடுப்பது வேறொரு காரியம். தாம்பரத்தில் குடியிருப்பவர் அடையாற்றுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம். வேன்காரர் காலையில் வந்து அழைத்துப் போவார். இடம் கிடைப்பது நுழைவுத் தேர்வையும், நேர்காணலையும், சில இடங்களில் நன்கொடையையும் பொறுத்தது. இங்கிலாந்தின் அரசாங்கப் பள்ளிகளில் இந்த மூன்றில் பின்னிரண்டும் விதிப்படி விலக்கப்பட்டவை. முதலாவது சில பள்ளிகளுக்கு மட்டுமே உண்டு. கட்டணம் கிடையாது. ஆனால் அந்தப் பணத்தின் ஸ்தானத்தில் இங்கே வீட்டு விலாசம் உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கப் பராமரிப்பில் வளர்கிற குழந்தைகளுக்கும், ஏற்கெனவே அதே பள்ளியில் படிப்பவர்களின் உடன்பிறந்தார்க்கும் முதலில் இடம் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைப் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, அருகில் இருப்பவர் முதலாகக் கொடுத்துக்கொண்டு வருவதே பெரும்பாலான பள்ளிகளின் வழக்கம். சேர்க்கையைக் கவனிக்கிற உள்ளூராட்சிக் கவுன்சில்களில் அநேகம் அந்தத் தூரத்தை நேர்கோட்டில் அளக்கின்றன. லண்டனில் பெயர்பெற்ற சில ஆரம்பப் பள்ளிகளில் கடைசி இடம் கிடைத்த குழந்தையின் வீடு பள்ளியிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் இருந்திருக்கும்.

இதிலே புதிதாய் வருகிறவரைத் திணற அடிக்கிற சிக்கல் ஒன்று உண்டு. விலாசம் இல்லாமல் பள்ளிக்கு விண்ணப்பித்தால் அது பெரும்பாலும் நகருவதில்லை. பள்ளி தெரியாமல் விலாசத்தை முடிவு செய்யவோ மனம் வருவதில்லை. கம்பெனி முதல் மாதத்துக்கு ஏற்பாடு செய்து தருகிற தற்காலிக ஜாகையைப் பல கவுன்சில்கள் விலாசமாக ஏற்பதில்லை. கையெழுத்தான வாடகை ஒப்பந்தமும், வீட்டுவரிக் கடிதமும் கேட்பார்கள். செப்டம்பரில் புதிதாகச் சேருகிறவர்களுக்கென்று ஒரு கிரமமான காலவரையறை இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக்கு ஜனவரி 15, உயர்நிலைப் பள்ளிக்கு அதற்கு முந்தின அக்டோபர் 31 என்ற கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு முறையே ஏப்ரல் 16-லும் மார்ச் 1-லும் முடிவு சொல்லிவிடுவார்கள். ஆனால் என்னிடம் வருகிறவர்கள் அந்தக் காலண்டரைப் பார்த்து வருகிறவர்கள் அல்லர். விசா எப்போது கையில் விழுந்ததோ அப்போது வருகிறவர்கள். நவம்பரிலோ பிப்ரவரியிலோ வந்து இறங்குகிற குழந்தைக்கு, வகுப்பு நடந்துகொண்டிருக்கிற ஆண்டின் நடுவில், யாரோ ஒரு குழந்தை ஊரை விட்டுப் போனதால் காலியான இடம்தான் கிடைக்க வேண்டும்.

ஆகையால் நான் வீட்டிலிருந்து பள்ளியைத் தேடுவதில்லை. பள்ளியின் புகழிலிருந்து வீட்டைத் தேடுவதுமில்லை. காலியிடத்திலிருந்து தொடங்குகிறேன். எந்தெந்தப் பள்ளியில் எந்தெந்த ஆண்டு வகுப்பில் இடம் இருக்கிறது என்பதைக் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை கவுன்சிலுக்கு உண்டு. அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, வரைபடத்தில் குறித்து, குறித்த இடங்களுக்கும் தகப்பனாரின் ஆபீஸுக்கும் இடையே ரயில் எப்படிப் போகிறது என்று பார்த்து, அதற்குப் பிறகே வீட்டுத் தரகரிடம் பேசத் தொடங்குவேன். இடம் காலியாக இருக்கிற வகுப்பில் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மறுப்பது, சில விலக்குகள் தவிர, பள்ளிக்கு எளிதல்ல. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, பள்ளி நடக்கிற 15 நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டின் சேர்க்கை விதி.

இரண்டு குழந்தைகள் இருக்கிற வீட்டில், பெரியவனின் படிப்பைப் பற்றியே பெற்றோர் கவலைப்படுவார்கள், அது இயற்கை. ஆனால் கிடைப்பதற்கு அரியது சின்னவளுக்கான இடம்தான். ரிசப்ஷன் என்னும் தொடக்க வகுப்பு, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு ஆகிய மூன்று வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகளுக்கு மேல் கூடாது என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு கட்டிவிட்டது. அந்த வரம்பை மீறச் சில விசேஷக் காரணங்களே உண்டு. மேல்முறையீடு செய்தாலும் ஜெயிப்பது மிகவும் அபூர்வம். அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கோ அப்படிப்பட்ட சட்ட வரம்பு இல்லை. முப்பத்தோராவது குழந்தைக்கு ஒரு நாற்காலி போடத் தலைமையாசிரியருக்கு மனம் வந்தால் போட்டுவிடலாம். எனவே ஐந்து வயதுப் பெண்ணுக்கு எங்கே இடமிருக்கிறதோ அங்கே அவளை முதலில் சேர்த்துவிட வேண்டும். அவள் உள்ளே போன மறுநாளே ஒன்பது வயது அண்ணன் அந்தப் பள்ளியில் 'உடன்பிறந்தார்' என்ற வரிசைக்கு வந்துவிடுகிறான். காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர் பல பெயர்களைத் தாண்டி மேலே ஏறிவிடுகிறது. பெரியவனை முன்னிறுத்தி ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, சின்னவளுக்கு அதே பள்ளியில் இடமில்லாமல், காலை ஒன்பது மணிக்குள் இரண்டு மைல் இடைவெளியில் இருக்கிற இரண்டு பள்ளி வாசல்களில் ஒரே தாயார் நின்றாக வேண்டிய நிலைமைக்கு ஆளான குடும்பங்கள் உண்டு. அந்தத் தாயார் வேலைக்குப் போக நினைத்திருந்தால் அந்த நினைப்பு அன்றோடு முடிந்துவிடுகிறது.

குழந்தை எந்த வகுப்பில் உட்காரும் என்பதும் பெற்றோருக்குப் புதிராக இருக்கும். இங்கே ஆகஸ்டு 31-ஐ எல்லையாக வைத்து, பிறந்த தேதியைக் கொண்டு மட்டுமே வகுப்பைத் தீர்மானிக்கிறார்கள். ஊரில் எந்த வகுப்பு முடித்தது, எத்தனை மார்க்கு வாங்கியது என்பதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. சிறு குழந்தைகளுக்கு இதனால் பெரிய தீங்கு ஒன்றுமில்லை. பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகள் விஷயத்தில்தான் நான் பெற்றோரிடம் அழுத்தமாகப் பேசுவேன். ஜி.சி.எஸ்.இ. என்னும் பரீட்சைக்குப் பத்தாம், பதினோராம் ஆண்டுகள் இரண்டிலும் சேர்ந்தாற்போலப் படிக்க வேண்டும். பள்ளிக்குப் பள்ளி தேர்வு வாரியமும் பாடங்களும் மாறும். பதினோராம் ஆண்டின் நடுவில் வருகிற பிள்ளை, மற்றவர்கள் ஒன்றரை ஆண்டு படித்த இலக்கியப் புத்தகத்தை அறிமுகமே இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு மே மாதத்தில் பரீட்சை எழுதப் போக வேண்டும். தகப்பனார் முன்னால் வந்து, தாயாரும் பிள்ளையும் ஊரிலேயே இருந்து பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை முடித்துவிட்டு, வயது பதினாறு நிறைந்திருந்தால், செப்டம்பரில் நேராகப் பன்னிரண்டாம் ஆண்டில் சேருவது எத்தனையோ மேல். குடும்பம் சில மாதங்கள் பிரிந்திருப்பது கடினம்தான், அதைச் சொல்லும்போது எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லுகிறேன்.

ஊர் எல்லைகளைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டனுக்கு மேற்கே உள்ள ரெடிங் நகரத்துக்கு நம்மவர் பலர் வருகிறார்கள். கணினிக் கம்பெனிகள் அங்கே அதிகம். எலிசபெத் ரயில் பாதையின் மேற்குக் கோடியும் அதுதான். அந்த நகரத்தை ஒட்டிய எர்லி என்னும் பகுதியில் வீடு எடுத்தவர், தாம் ரெடிங்கில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு ரெடிங் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு வாரக்கணக்காகக் காத்திருப்பார். எர்லியோ வோக்கிங்ஹாம் கவுன்சிலைச் சேர்ந்தது. அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருப்பதால் மட்டுமே ஒரு குழந்தையைப் புறக்கணிக்கக் கூடாது என்று கிரீனிச் வழக்கில் 1989-இல் தீர்ப்பாகியிருக்கிறது. ஆகவே எல்லைக்கோட்டின் ஓரத்தில் இருக்கிற வீடு இரண்டு பக்கமும் பள்ளிகளைத் தேட இடம் தருகிறது. அப்படிப்பட்ட வீடுகளை நான் விரும்பித் தேடுவதுண்டு.

ரெடிங் என்றதும் அங்கே நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிற இரண்டு கிராமர் பள்ளிகளைப் பற்றிக் கேளாத பெற்றோர் இல்லை. நாடு முழுவதிலும் 163 கிராமர் பள்ளிகளே உண்டு. புதிதாகத் தொடங்க 1998-இன் சட்டம் இடம் வைக்கவில்லை. ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில், பொதுவாகச் செப்டம்பரில், தேர்வு நடக்கும். அதற்குப் பதிவு செய்ய வேண்டிய கெடு முந்தின கோடையிலேயே முடிந்துவிடும். ஏழு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு, மூன்று நாலாண்டுக்குப் பிறகு எழுதப்போகிற தேர்வுக்காக வாடகை மிகுந்த தெருவில் இன்றைக்கே குடிபோவதை நான் ஆதரிப்பதில்லை. அதற்குள் உத்தியோகம் மாறலாம், ஊர் மாறலாம். ஆனால் வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும்.

பள்ளியின் தரத்தை அறிய எல்லோரும் ஆஃப்ஸ்டெட் என்னும் பரிசோதனைத் துறையின் அறிக்கையைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் மிகச் சிறந்தது என்று பெயர் வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான பரிசோதனையிலிருந்தே விலக்கு இருந்தது. ஆகவே பத்தாண்டுப் பழமையான புகழோடு நின்ற பள்ளிகளும் உண்டு. ஒற்றைச் சொல்லில் மொத்த மதிப்பீடு சொல்லும் அந்த வழக்கத்தையே அரசாங்கப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரில் கைவிட்டுவிட்டார்கள். அறிக்கையின் தேதியைப் பாருங்கள், தலைமையாசிரியர் அதற்குப் பிறகு மாறியிருக்கிறாரா என்று கேளுங்கள், பிறகு நேரில் போய்ப் பாருங்கள் என்பேன். நடுவில் வந்து சேருகிற குழந்தைக்கு முதல் வாரத்தில் யாரைத் துணை சேர்ப்பீர்கள் என்று நான் பள்ளியில் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு உடனே, ஒரு குழந்தையின் முகத்தை மனத்தில் நினைத்துக்கொண்டு பதில் சொல்லுகிற பள்ளியை எனக்குப் பிடிக்கும்.

இவற்றையெல்லாம்விட நான் அதிக நேரம் செலவிடுவது, வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு நானே நடந்து பார்ப்பதில். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை, கொஞ்சம் பெரியவர்களாகும் வரை, பெரியவர் ஒருவர் கொண்டுபோய் விட்டு அழைத்து வர வேண்டும். பள்ளி விடுவது பிற்பகல் மூன்றேகாலுக்கும் மூன்றரைக்கும் இடையில். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடும். கோடை மாலையில் வீடு பார்க்கிறவருக்கு இருபது நிமிஷ நடை இன்பமாக இருக்கும். அதே நடையைக் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, குளிர்மழையில், இருட்டில், நாள்தோறும் இரண்டு முறை போய் வருகிறவர் பெரும்பாலும் தாயார். அவருக்கு விசா கிடைத்திருக்கிறது. உத்தியோகம் இன்னும் கிடைக்கவில்லை. பேசுவதற்கு அண்டைவீட்டார் யாரும் பழக்கமில்லை. அந்தப் பள்ளி வாசலில் காத்து நிற்கிற பத்து நிமிஷம்தான் அவர் மற்ற மனிதரோடு பேசக் கிடைக்கிற நேரம். கிழக்கு லண்டனிலுள்ள ஈஸ்ட் ஹாமில் வீடெடுத்தால் வாசலில் நாலு தமிழ்க் குரல் கேட்கும், கறிவேப்பிலை கடையில் கிடைக்கும், முருகன் கோவில் பக்கத்திலேயே இருக்கிறது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் அந்த வட்டாரத்தை அப்படி ஆக்கியிருக்கிறார்கள். வீடு சற்றுச் சிறியதாக இருக்கும். புறநகரில் தோட்டத்தோடு வீடு கிடைக்கும். மௌனமும் கூடவே வரும். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் வீட்டைப் பற்றி முடிவு செய்கிற டெலிபோன் பேச்சில், "வீட்டுல அம்மா இருக்காங்களா? அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று கேட்காமல் நான் எந்த ஜாகையையும் முடித்ததில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா, வெப்பம் தங்குமா என்று பார்க்க வேண்டும். ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைந்தால் முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2019-இன் சட்டம்.

இடம் கிடைத்து, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் என் வேலை முடிவதில்லை. ஏனெனில் அருகிலுள்ள பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் அதன் பெயர் இன்னும் இருக்கும். அந்தப் பட்டியல் வந்த வரிசைப்படி அமைவதன்று; நமக்குப் பின்னால் வந்து பள்ளிக்கு இன்னும் அருகில் குடியேறியவர் நம்மைத் தாண்டிப் போகலாம். சில மாதங்கள் கழித்து, எதிர்பாராமல், இடம் இருக்கிறது என்று கடிதம் வரும். உடனே ஒப்புக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதில்லை; குழந்தையைக் கேளுங்கள் என்பேன். திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தில், ஒன்பது வயதுப் பெண் எனக்கே டெலிபோனில் சொன்னாள்: "வேண்டாம் அங்கிள், எனக்கு இங்க ஃப்ரெண்ட் இருக்கா." தகப்பனார் சற்று யோசித்தார், தாயார் யோசிக்கவே இல்லை. தூரத்துப் பள்ளிக்கே தொடர்ந்து நடப்பதென்று முடிவாயிற்று. அன்று சாயங்காலமே கவுன்சிலுக்கு எழுதி, பட்டியலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். அவர்கள் வேண்டாமென்ற அந்த இடத்துக்காக வேறொரு குடும்பம் காத்துக்கொண்டிருக்கும்.