டான்வேர்த் ஊரின் ஓக் மரம்

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் மாநகரிலிருந்து ஸ்ட்ராட்போர்ட் நகருக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறுவோரிற் பலர் ஷேக்ஸ்பியர் பிறந்த இல்லத்தைக் காணச் செல்பவர்கள். அந்தப் பாதையில் டான்சி என்றொரு சிறு நிலையம் இருக்கின்றது. அங்கே இறங்க விரும்புவோர் வண்டிக் காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்; இன்றேல் வண்டி நில்லாது. நாம் சொல்லிவைத்து இறங்கினோம். எம்முடன் இறங்கியவர் வேறெவரும் இலர்.

நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மைல் நடக்கவேண்டும். இருமருங்கும் உயர்ந்த பச்சை வேலி. நடுவே ஒடுங்கிய பாதை. மேட்டின்மேல் டான்வேர்த்-இன்-ஆடன் என்னும் கிராமம் தோன்றுகின்றது. ஷேக்ஸ்பியர் தம் நாடகத்துக்கு எடுத்துக்கொண்ட ஆடன் வனத்தின் பெயரைத்தான் இவ்வூர் இன்னும் தாங்கி நிற்கின்றது. ஒரு சிறு புற்றிடல், 'பெல்' என்ற பழைய மதுச்சாலை, சில வீடுகள், கூர்ங்கோபுரத்தோடு கூடிய மகதலேனா மரியாள் தேவாலயம் - ஊர் இவ்வளவே. கால் மணி நேரத்திற் சுற்றி முடிக்கலாம்.

நாம் இங்கு வந்ததற்குக் காரணம் இருபத்தெட்டு நிமிடம் ஒலிக்கும் ஓர் இசைத்தட்டு. நம் பழைய மாணாக்கர் ஒருவர் பேர்மிங்ஹாமில் வாழ்கின்றார். அவருடைய காரில் ஏறிய முதல்நாள் தொடக்கம் அந்த ஒன்றே ஒலித்தது. "எத்தனை வருடமாகக் கேட்கிறீர், தம்பி?" என்று வினாவினோம். "இருபது வருடமாச்சுது, சேர். இன்னும் அலுக்கவில்லை," என்றார். கர்நாடக இசையிற் பயின்ற காதுக்கு மேனாட்டுப் பாட்டு எளிதிற் பிடிபடுவதில்லை. ஆயினும் மூன்றாம் நாள் அந்தத் தட்டைப் போடுமாறு நாமே கேட்டோம். இதனை இங்கே சொல்லிவிடுவது நேர்மை.

பாடியவர் நிக் டிறேக். பாட்டுகளை இயற்றியவரும் கிற்றார் மீட்டியவரும் அவரே. 1948ஆம் ஆண்டு ஜூன் 19ஆந் திகதி, பர்மா சுதந்திரம் பெற்ற சில மாதங்களுக்குள், றங்கூனிற் பிறந்தார். தேக்கு மர வியாபாரத்திற் பேர்பெற்ற பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பனியில் அவருடைய தந்தையார் றொட்னி பொறியியலாளராக விளங்கினார். தாயார் மொலியும் பாட்டுக் கட்டிப் பியானோவிற் பாடுபவர். 1942இல் யப்பானியப் படை பர்மாவுட் புகுந்தபோது அவ்வம்மையார் இந்தியாவுக்குச் சென்றார். மூத்த மகள் 1944இல் லாகூரிற் பிறந்தாள். அதே 1942இல் றங்கூனிலிருந்த தமிழர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியாவுக்கு ஓடியதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். ஒரே நகரம், ஒரே ஆண்டு. போன வழிகள்தாம் வேறு.

1950களின் தொடக்கத்தில் இக்குடும்பம் டான்வேர்த்தில் 'பார் லேஸ்' என்னும் வீட்டிற் குடியேறியது. மைந்தர் கேம்பிறிட்ஜிற் படிக்கச் சென்று, பட்டம் பெறுமுன்பே இசைக்காக அதனை விட்டார். 1969இல் ஒரு தட்டும் 1971இல் இன்னொன்றும் வெளிவந்தன. இரண்டும் விலைபோகவில்லை. அவரோ மேடைக்குப் பொருந்தாதவர். பாட்டுக்குப் பாட்டு கிற்றாரின் சுருதியை மாற்றியமைப்பது அவர் வழக்கம். நம் வீணை வித்துவான் ஒருவர் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் முன்னர் தந்திகளையெல்லாம் புதிதாய்க் கூட்டத் தொடங்கினாற் சபை என்ன செய்யும்? பேசத் தொடங்கும். அங்கும் அதுவே நடந்தது. அவர் மேடையைத் துறந்தார்.

மூன்றாவது தட்டு 'பிங்க் மூன்'. 1971 ஒக்டோபரில் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடமொன்றில், இரண்டே இரவுகளில் பதிவாயிற்று. முந்திய தட்டுகளில் வயலின் முதலிய பல வாத்தியங்கள் துணைநின்றன. இதிலோ அவரும் கிற்றாரும் ஒலிப்பதிவாளர் ஜோன் வூட்டும் மாத்திரமே. முதற் பாட்டில் மட்டும் சிறிது பியானோ வரும். அதுவும் அவர் கைவண்ணமே. பதினொரு உருப்படிகள். விரல்கள் தந்தியிற் படும் ஓசையும் கேட்கும். அடுத்த அறையில் ஒருவர் தமக்கென்று வாசித்துக் கொண்டிருப்பது போன்றதொரு நெருக்கம். 1972 பெப்ரவரியில் வெளிவந்த இத்தட்டும் முந்தியவற்றைப் போலவே ஐயாயிரம் பிரதிகளை எட்டவில்லை.

அதன்பின் மனச்சோர்வு நோய் முற்றப் பெற்றோரின் வீட்டுக்கே மீண்டார். 1974 நவம்பர் 25ஆந் திகதி, நோய்க்கு வழங்கப்பட்ட மருந்தினை மிகையாக உட்கொண்டதால் இறந்தார். வயது இருபத்தாறு. ஊர்த் தேவாலயத்தில் நடந்த ஆராதனைக்கு ஐம்பது பேரளவில் வந்தனர். நண்பர் பலர் ஒருவரையொருவர் கண்டதே அன்றுதான் முதன்முறை. உடல் தகனஞ் செய்யப்பட்டு, சாம்பல் தேவாலய வளவில் ஓர் ஓக் மரத்தின் கீழ் வைக்கப்பட்டது.

அந்த மரத்தடியிலேதான் நாம் நின்றோம். கல் மிகச் சிறியது; முழங்காலளவும் இராது. பிற்காலத்தில் மறைந்த தாய் தந்தையர் பெயரும் அதிலுண்டு. கல்லின் முன்னே வாடிய பூக்களும், கிற்றார் மீட்டும் சிறு வில்லைகள் சிலவும் கிடந்தன. வளர்ந்தபின் அவர் பாடுவதைக் காட்டும் சலனப்படம் ஒன்றுகூடக் கிடையாது என்பதை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். அவருடைய கையசைவைக் காண ஆசைப்படுவோருக்குக் காண்பதற்கு எஞ்சியது இம்மரமும் இவ்வூருமே.

இங்கு ஒரு பேச்சு எழுந்தது. மாணாக்கருடன் வந்த அவருடைய மனைவியார், "இளமையிற் போனவரென்பதற்காகத்தானே இவ்வளவு பேரும் வருகினம்? அறுபது வயது வரைக்கும் இருந்திருந்தால் ஆர் வந்திருப்பினம்?" என்று கேட்டார். மாணாக்கர் வாய் திறக்கவில்லை. கேள்வி கூரியது. துயரத்தைச் சுவைப்பதற்கென்றே இத்தட்டைக் கேட்போர் உளர் என்பதையும் நாம் மறுக்கமாட்டோம்.

ஆயினும் அவருடைய பெற்றோர் செய்ததை இங்கு நினைத்தல் தகும். 1979இல் மூன்று தட்டுகளும் ஒரு பெட்டியாக மீண்டும் வெளிவந்தன. அக்காலந் தொடக்கம் கடல் கடந்தும் இளைஞர்கள் 'பார் லேஸ்' வாயிலில் வந்து நின்றனர். மகனை இழந்த தாயும் தந்தையும் கதவைச் சாத்தியிருக்கலாம்; சாத்தினாரில்லை. முன்பின் அறியாதவரை உள்ளே அழைத்து, உபசரித்து, மகன் வீட்டிற் பாடிப் பதிந்த நாடாக்களைப் போட்டுக் காட்டினர். கேட்டவர்க்குப் பிரதியெடுத்தும் கொடுத்தனர். அந்தப் பிரதிகள் கைமாறிக் கைமாறி உலகெங்கும் பரவின. வியாபார நோக்கினால் அது நட்டமே. அவர்கள் அதைப் பற்றிக் கவலைகொண்டவராகத் தெரியவில்லை. 1988இல் தந்தையாரும் 1993இல் தாயாரும் மறைந்தனர். அவ்வீடு இப்போது பிறருடையது. ஆதலால் நாம் அப்பக்கம் போகவில்லை.

கல்லின் பின்புறத்தையும் சுற்றிச்சென்று பார்த்தோம். 'பிங்க் மூன்' தட்டின் கடைசிப் பாட்டில் வரும் ஓர் அடி அங்கே வெட்டப்பட்டிருக்கின்றது. அப்பாட்டு இருளைப் பற்றியதன்று, விடியலைப் பற்றியது. அதிலே கிற்றார் துள்ளி நடக்கின்றது. சோகத்துக்கு ஒரு பாட்டு வேண்டுமாயின் அதே தட்டில் வேறு பல இருந்தன. அவற்றை விடுத்து இந்த அடியே இக்கல்லுக்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. அம்மையாருக்கு இதனைக் காட்டினோம். அவர் குனிந்து இருமுறை வாசித்தார்.

1999இல் வொக்ஸ்வாகன் மோட்டார்க் கம்பனி தன் விளம்பரம் ஒன்றுக்கு அத்தட்டின் முதற் பாட்டை எடுத்தாண்டது. சில வாரங்களில் அமெரிக்காவில் விற்பனை பன்மடங்கு பெருகிற்று. கார் விற்பதற்கு இப்பாட்டா என்று முகஞ்சுளித்த பழைய அன்பர்கள் உண்டு. இதில் நாம் அவர்கள் பக்கமல்லோம். பாட்டு எவ்வழியாலேனும் காதுக்குப் போய்ச் சேரட்டும்.

விளம்பரத்தைவிட எம்மைத் தொட்டது வேறொன்று. 1950களில் தாயார் மொலி தம் வீட்டிற் பாட, கணவர் நாடாவிற் பதிந்துவைத்த பாட்டுகள் 2013இல் தனித் தட்டாக வெளிவந்தன. மகனைத் தேடிப்போனவர்களே தாயின் பாட்டுக்கும் முதற் செவிகளாயினர். திரும்பும் வழியிற் காரில் அத்தட்டே ஒலித்தது. போடச் சொன்னவர் மாணாக்கரின் மனைவியார்.