எத்தனை வாட் என்பதல்ல கேள்வி

திருப்பதியில் முதுகலை படிக்கும் சித்தூர் இளைஞன் ஒருவன், தன் விடுதித் தோழனிடமிருந்து பழைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை விலைக்கு வாங்கினான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணம் முழுவதும் அதற்கே போயிற்று. விடுமுறையில் சித்தூர் வீட்டுக் கணினியில் அதைப் பொருத்தினான். திரை ஒளிர்ந்தது, திரைப்படம் தடையின்றி ஓடியது. ஆனால் கார்ப் பந்தய விளையாட்டைத் தொடங்கிய சில நொடிகளில் கணினி சட்டென்று அணைந்தது. மீண்டும் போட்டான், மீண்டும் அணைந்தது. மூன்றாம் நாள் தோழனை அழைத்து, பழுதான பொருளைத் தன் தலையில் கட்டிவிட்டதாகக் கடிந்துகொண்டான். அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

மின்சாரம் தரும் பெட்டியின்மீது, கடைவழக்கில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படுவதன்மீது, அவனுக்கு ஐயமே எழவில்லை. அதன்மேல் 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்தது. கார்டுக்கு 170 வாட், பிராசஸருக்கு 65, மற்றவற்றுக்கு ஏறத்தாழ 50. கூட்டினால் முந்நூறுகூட வரவில்லை. கார்டைத் தயாரித்த நிறுவனம் 550 வாட் வேண்டும் என்று பரிந்துரைப்பதை வணிகர்களின் மிகைக்கூற்றாகவே அவன் எடுத்துக்கொண்டான். கூட்டல் சரி, கேள்விதான் தவறு.

அவன் தந்தை சித்தூரில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மாந்தோப்புகளுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நீர் இறைக்கும் மோட்டார்கள் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். கணினி விளையாட்டைக் காலவிரயம் என்று கருதுபவர். அந்தப் பெட்டியின் பக்கம் அவர் வந்ததே இல்லை. அன்று மாலை மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“இது எத்தனை ஆம்பியர்டா?”

“450 வாட், நைனா.”

“வாட்டு கேக்கல. எந்தக் கம்பியில எத்தனை ஆம்பியர்?”

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடு அது. தெலுங்கில் ‘எவ்வளவு’ என்பதற்கான சொல்லைத் தமிழில் எழுதினால் ‘எந்த’ என்றே எழுத வேண்டியிருக்கும்; ஒலியில் மட்டும் சற்று வேறுபடும். மகன் இதுவரை கேட்டது தெலுங்கு ‘எந்த’. தந்தை கேட்டது தமிழ் ‘எந்த’.

பக்கத் தகட்டைக் கழற்றி, ஒட்டியிருந்த சீட்டை மோட்டாரின் தகட்டைப் படிப்பதுபோல அவர் படித்தார். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனிக் கணக்கு அதில் இருந்தது. 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசஸரும் ஏறத்தாழ முழு மின்சாரத்தையும் இந்த 12 வோல்ட் வழியில்தான் எடுக்கின்றன. இரண்டும் முழுமூச்சாக உழைக்கையில் ஏறத்தாழ 20 ஆம்பியர் வேண்டும். 450 என்ற எண்ணின் பெரும்பகுதி, இன்றைய கணினி அதிகம் தீண்டாத மற்ற வழிகளைக் கூட்டிப் பெற்றது.

இன்னொன்றும் தெரிந்தது. கார்டுக்கு வேண்டிய எட்டு முள் இணைப்பு அந்தப் பழைய பெட்டியில் இல்லை. மாற்றுக் கம்பி ஒன்றைக் கொண்டு மகன் ஒப்பேற்றியிருந்தான். தாய்ப்பலகையின் துளை வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். எஞ்சிய நூறு வாட்டுக்கு அருகில் அந்த மெல்லிய கம்பியே சுமந்தது. தொட்டுப் பார்த்தார், சுட்டது.

நீர் மோட்டாரை நேரடியாக ஓடவிட்டால் தொடக்க நொடியில் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பது அவருக்கு அன்றாட அறிவு. கிராஃபிக்ஸ் கார்டும் அப்படித்தான் கணப்பொழுதுகளில் எகிறும். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 தரவரையறை இதைக் கணக்கில் கொண்டது: அதற்கேற்ப அமைந்த பெட்டி, ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தன் அளவின் இரு மடங்கைத் தாங்க வேண்டும். பெட்டிகளில் காணும் 80 பிளஸ் முத்திரை வேறு செய்தி சொல்கிறது. வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகாமல் பயன்படுகிறது என்பதற்கான சான்று அது. பாதுகாப்புக்கான சான்று அன்று.

மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றார்கள். 650 வாட் என்று எழுதிய மலிவான பெட்டி ஒன்று முதலில் காட்டப்பட்டது. தந்தை சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வந்தது 550 வாட் பெட்டி. 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், அதாவது 540 வாட். எட்டு முள் இணைப்பும் உண்டு. விலை மும்மடங்கு. குறைந்த பணத்தை ஒன்றும் சொல்லாமல் அவரே கொடுத்தார். திருப்பதியை அடுத்த கரக்கம்பாடியில் அமர ராஜா பேட்டரிகள் உருவாகும் வட்டாரம் இது. பைக்குக்குப் பேட்டரி வாங்குபவர்கூட எத்தனை ஆம்பியர் என்று கேட்டே வாங்குவார். கணினிக் கடையில் மட்டும் அந்தக் கேள்வி மறந்துபோகிறது.

அன்றிரவு பந்தயம் முடியும்வரை கணினி அணையவில்லை. மகன் மகிழ்ந்தான், பின் மௌனமானான். தந்தைக்குக் காரணம் புரிந்தது. வோல்ட்டேஜ் குறைந்து மோட்டார் எரிந்தால், விவசாயி முதலில் திட்டுவது காயில் கட்டியவரைத்தான். முப்பது ஆண்டுகளாக அந்தத் திட்டை வாங்கியவர் அவர். லைனில் குறை என்று பின்னர் தெரிந்தாலும், திரும்பி வந்து ஒரு வார்த்தை சொன்னவர்கள் சிலரே.

“போன்ல சொல்லாதடா. நேர்ல போ,” என்றார்.

விடுமுறை முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. மறுநாள் காலை அவன் பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயில் ஏறினான்.