முதலில் வந்தவர் முதலில் போவார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளஸ் ஒன் படிக்கும் என் பேத்தி வேதியியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, எலக்ட்ரான் கான்ஃபிகரேஷன் உங்க காலத்துல இருந்துச்சா?"

இருந்தது. ஆனால் வேறு மாதிரி இருந்தது.

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். வாத்தியார் கரும்பலகையில் நடுவில் ஒரு புள்ளி வைத்து, சுற்றிலும் வட்டம் வட்டமாகப் போடுவார். உள்வட்டத்திலிருந்து கா, எல், எம், என் என்று பெயர். ஒவ்வொரு வட்டமும் ஒரு 'கூஷ்', அதாவது அடுக்கு. குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். அந்தப் பாடம் நடந்த நாட்களில் கடைசி பெஞ்சில் சிரிப்பு அடங்கவே அடங்காது.

முதல் அடுக்கில் 2 எலக்ட்ரான், இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18 வரை கொள்ளும் என்று மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சையில் பொட்டாசியம் வந்தது. 19 எலக்ட்ரான். 2, 8, 9 என்று எழுதினேன். மூன்றாவதில்தான் 18 வரை இடமிருக்கிறதே! விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் 2, 8, 8, 1 என்று எழுதியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்போதெல்லாம் கேட்க மாட்டோம். பிறகு அரசாங்க உத்தியோகம், கோப்பு, குறிப்பு என்று காலம் ஓடிவிட்டது. அந்தக் கோடு மட்டும் மனசில் நின்றுபோயிற்று.

பேத்தி புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எஸ், பி, டி, எஃப் என்று துணைக்கூடுகள் உண்டாம். எஸ்ஸில் 2 பேர், பியில் 6, டியில் 10, எஃப்பில் 14. நிரப்பும் வரிசை 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி. அடுத்தது 3டி என்று நினைத்தேன். இல்லை, 4எஸ்.

"எப்படிம்மா?"

"கூட்டிப் பாருங்க தாத்தா. எஸ்ஸுக்கு 0, பிக்கு 1, டிக்கு 2. 4எஸ்ஸுக்கு 4ம் 0ம் 4. 3டிக்கு 3ம் 2ம் 5. எது கம்மியோ அதுல முதல்ல உட்காரும்."

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சிவப்புக் கோட்டுக்கு அன்றைக்குத்தான் விளக்கம் கிடைத்தது. பொட்டாசியத்தின் 19ஆவது எலக்ட்ரான் மூன்றாவது கூட்டில் இடம் காலியாக இருந்தும் நான்காவதற்குப் போவது, அங்கே ஆற்றல் குறைவு என்பதால். அவள் இதை 'ஆஃப்பாவு' தத்துவம் என்றாள். கட்டி எழுப்புவது என்று பொருள்படும் ஜெர்மன் சொல். பிரெஞ்சுக்காரர்கள் இதே விதியைக் கிளெச்கோவ்ஸ்கி என்ற சோவியத் விஞ்ஞானியின் பெயரால் சொல்கிறார்கள்.

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மற்ற விதிகளுக்கு என் ஆபீசையே உதாரணமாக்கினேன். 2பியில் மூன்று மேஜை. மூன்று குமாஸ்தாக்கள் வந்தால் ஆளுக்கொரு மேஜை. நைட்ரஜன் அப்படித்தான். நான்காவது ஆள் வந்தால்தான் ஒரு மேஜையை இருவர் பகிர வேண்டும். அது ஆக்சிஜன். பகிரும் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், அதாவது சுழற்சி எதிரெதிராக இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு அந்த மேஜையில் இடமே கிடையாது. பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

இரும்புக்கு வந்தோம். 26 எலக்ட்ரான். ஆர்கான் வரைக்கும் 18, பிறகு 4எஸ்ஸில் 2, 3டியில் 6. சரி. இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்து அயனியானால்? "இது என்ன பெரிய விஷயம்! ஆபீசில் ஆட்குறைப்பு வந்தால் கடைசியாகச் சேர்ந்தவனைத்தான் முதலில் அனுப்புவார்கள். கடைசியாக வந்தது 3டி. அதிலிருந்து இரண்டைக் கழி. 4எஸ்ஸில் 2, 3டியில் 4" என்றேன். பல வருஷம் சீனியாரிட்டி பட்டியல் தயாரித்தவனின் தோரணையில் சொன்னேன்.

அடுத்த வாரம் தேர்வுத்தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் இல்லை. மறுபடியும் ஒரு சிவப்புக் கோடு.

"மிஸ் வேற மாதிரி சொன்னது ஞாபகம் இருந்துச்சு தாத்தா. முதல்ல அப்படித்தான் எழுதினேன். நீங்க சொன்னீங்களேன்னு அடிச்சிட்டு மாத்தினேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அன்று இரவு அவள் புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். உள்ளே வரும் வரிசையும் வெளியேறும் வரிசையும் ஒன்றல்ல. பொட்டாசியம், கால்சியம் வரை 4எஸ் ஆற்றலில் கீழே இருப்பதால் அது முதலில் நிரம்புகிறது. அதற்குப் பிறகு அணுக்கருவில் புரோட்டான்கள் கூடக்கூட, 3டியை அது உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்கிறது. 4எஸ் நான்காவது கூடு, வெளியோரம். வாசற்படியில் நிற்பவன்தானே முதலில் இறங்குவான்? ஆகவே இரும்பு முதலில் இழப்பது 4எஸ்ஸில் இருக்கும் இரண்டையும். 3டியின் 6 பேர் அப்படியே இருக்கிறார்கள். இன்னும் ஒன்றை இழந்தால் 3டியில் 5. ஐந்து மேஜை, ஆளுக்கொன்று. அது நிலையான ஏற்பாடு. கடற்கரை ஊரில் நம் வீட்டு ஜன்னல் கம்பிகளில் ஏறும் துருவில் இருப்பது பெரும்பாலும் மூன்று எலக்ட்ரானை இழந்த இந்த இரும்புதான்.

யோசித்துப் பார்த்தால் என் ஆபீசும் அப்படித்தான். ஆட்குறைப்பு எப்போதோ ஒரு முறை. வருஷா வருஷம் நடந்தது பணி ஓய்வு. அநேகமாக முதலில் சேர்ந்தவர்தான் முதலில் மாலை போட்டுக்கொண்டு வெளியே போனார். நானும் அப்படித்தான் போனேன். உதாரணம் கையிலேயே இருந்தது, தப்பானதை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பேத்தியிடம் சொன்னேன்: "தப்பு என்மேலதான் கண்ணு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ."

"விடுங்க தாத்தா. நீங்க பொட்டாசியத்துல விட்டீங்க, நான் இரும்புல விட்டேன்" என்றாள். பிறகு ஒரு பென்சிலை நீட்டினாள். "குரோமியம் எழுதுங்க பார்க்கலாம்."

விதிப்படி 4எஸ்ஸில் 2, 3டியில் 4 என்று எழுதப்போனேன். கை நின்றது. "பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

பார்த்தேன். 4எஸ்ஸில் 1, 3டியில் 5. நல்லவேளை, எழுதவில்லை.

பேரன் பேத்திகளுக்குப் பாடம் சொல்லித்தரும் என் வயது நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்வதால் நம் மரியாதை குறைந்துவிடாது. நாம் சொல்வதை நம்பி, சரியாக எழுதியதைக்கூட அடித்துவிடும் பிள்ளைகள் அவர்கள்.