நல்லூரிலிருந்து சுன்னாகம் வரை

ஆற்றங்கரையிலே தலைநகர் அமைப்பது அரசர் பலரது மரபு. யாழ்ப்பாணத்து மன்னரோ, ஆறு பாயாத குடாநாட்டில் நல்லூரைத் தலைநகராகக் கொண்டனர். 1619ஆம் ஆண்டில் அவ்வரசு போர்த்துக்கீசர் வசமாயிற்று. எனினும், அம்மன்னர் காலத்தது எனப்படும் யமுனா ஏரி இன்றும் உளது. அன்றும் இன்றும் இவ்வூரை வாழ்விப்பது நிலத்தடி நீரேயாம்.

மாரி மழை செம்மண்ணூடே இறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் பிளவுகளிலே தங்குகின்றது. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. மேலே மதிலும் வேலியும் உண்டு. கீழே அவை இல்லை.

நல்லூரிலிருந்து கொக்குவில், கோண்டாவில், இணுவில் வழியாக நாம் வடக்கே சென்றால், வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் செழித்த தோட்டங்களைக் காணலாம். முன்னாளில் துலாமிதித்து இறைத்தனர். இன்று இயந்திரம் இறைக்கின்றது. கிணறு மட்டும் மாறவில்லை.

பத்துக் கிலோமீற்றருக்குள் சுன்னாகம் வந்துவிடும். அங்கு எண்ணெயால் இயங்கிய மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கி, அயற்கிணறுகளை அடைந்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆராய்ந்த 150 கிணறுகளுள் 109இல் எண்ணெய், கொழுப்பின் அளவு வரம்பை மிஞ்சியிருந்தது. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்நிலையத்தை நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் என 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று.

குடிநீரைத் தாங்கி வண்டியிலே கொணரலாம். தோட்டத்துக்கு வேண்டும் நீரை எந்த வண்டி கொணரும்? எண்ணெய் கலந்த நீர் நாள்தோறும் பாயுமாயின், மண்ணின் நுண்டுளைகள் அடைபடும்; வேருக்குக் காற்றும் நீரும் குறையும்; விதை முளைக்கத் தயங்கும். எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள. ஆனால் அவை பயிருக்குரிய தழைச்சத்தையும் சேர்த்தே உண்டுவிடும். இலகுவான எண்ணெய் ஆவியாகிப் போம். கனத்தது ஆண்டுக்கணக்கிற் கிடக்கும். தொழிற்சாலைக் கழிவுநீரால் வயல் பாய்ச்சும் நாடுகள் பலவற்றிலும் இத்துன்பமே.

மண்ணை மீட்க வழி இல்லாமலில்லை. நன்கு கொத்திக் காற்றுப் புகவிட்டு, தொழுவுரமும் கூட்டெருவும் இட்டு, ஈரம் காத்தால் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல எண்ணெயைச் சிதைக்கும். ஆயினும் புதிய எண்ணெய் வந்து சேர்வதை முதலில் நிறுத்தவேண்டும்.

மாணவர்காள்! பெரிய நிலையங்களைக் கண்காணிப்பது அரசின் கடன். நீரிறைக்கும் இயந்திரத்திலும் மோட்டார் வண்டியிலும் கழித்த எண்ணெயைக் கோடியிலே கொட்டாமல், கலத்தில் அடைத்துச் சேகரிப்போரிடம் கொடுப்பது நம் வீட்டுக் கடன். ஆறுள்ள நாட்டில் அழுக்கை வெள்ளம் கடலுக்குக் கொண்டுபோகவுங் கூடும். நம் நாட்டிலோ, நிலத்திற் கொட்டியது கிணற்று வாளியிலே திரும்பி வரும்.