சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கூட்டில் விடலாமா? - அய்யலூர் வியாழன் சந்தை சொல்லும் பாடம்

திண்டுக்கல் - திருச்சி நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கு அய்யலூர் என்றதும் வண்டி கருப்பணசாமி கோயில்தான் நினைவுக்கு வரும். வியாழக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வேறு முகம். பொழுது விடிவதற்குள் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். பக்கத்திலேயே நாட்டுக்கோழி வியாபாரம். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் சேவல்கள், கூடைக்குள் கொக்கரிக்கும் விடைக்கோழிகள்.

"ஒரே வீட்டுக் கோழியாண்ணே?" என்று கேட்டால், "நம்ம வளர்ப்புதாங்கக்கா" என்ற பதில் தயாராக இருக்கும். ஆனால், பல ஊர்க் கோழிகள் ஒன்றோடொன்று உரசி நிற்கும் இடம் சந்தை. வெள்ளைக்கழிச்சல் நோய் கைமாறுவதும் இங்கேதான்.

தனிப் பஞ்சாரம் முக்கியம்

புறக்கடைக் கோழி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. முட்டை விற்றால் காய்கறிச் செலவு, சேவல் விற்றால் பள்ளிக்கூடச் செலவு. வெள்ளைக்கழிச்சல் புகுந்தால் சில நாள்களிலேயே கூடு காலியாகிவிடும். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது.

அதனால், புதுக்கோழியை வீட்டுக் கோழிகள் நெருங்காத இடத்தில் இரண்டு, மூன்று வாரமாவது தனிப் பஞ்சாரத்தில் வைக்க வேண்டும். தீனித் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனி. முதலில் பழைய கோழிகளைக் கவனித்துவிட்டு, கடைசியாகப் புதியவற்றிடம் போவது நல்லது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிகிறதா, இறக்கை தொங்குகிறதா, கழுத்து திருகுகிறதா என்று தினமும் பாருங்கள்.

யார் பெரியவர்?

நோய் இல்லை என்று தெரிந்த பிறகும் சிக்கல் தீராது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே விலங்கியலாளர் ஷெல்டெரப் எப்பே 1921-லேயே இதை விவரித்திருக்கிறார். புது ஆள் வந்தால் அந்த வரிசை கலையும். ஒற்றை விடைக்கோழியைத் திடீரென்று விட்டால், எல்லாப் பெட்டைகளும் அதன் கொண்டையையே குறிவைக்கும்.

பஞ்சாரத்தை முற்றத்துக்கு நடுவே கொண்டுவந்து ஒரு வாரம் வையுங்கள். பார்த்துப் பழகட்டும், கொத்த முடியாது. பிறகு, இருட்டியதும் புதியவற்றைக் கூட்டுக்குள் விடலாம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் சண்டை குறையும். விடியும்போது ஒன்றாகவே எழுந்திருக்கும். ஒன்றுக்குப் பதில் இரண்டு, மூன்றாகச் சேர்த்தால் அடியும் பங்கிடப்படும்.

மறுநாள் கம்பையும் குருணையையும் இரண்டு, மூன்று இடங்களில் தூவுங்கள். லேசான கொத்தலைக் கண்டுகொள்ள வேண்டாம். ரத்தம் வந்தால் உடனே பிரித்துவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் சேர்ந்து கொத்தும். சண்டைக்காரப் பெட்டையையே சில நாள் பஞ்சாரத்தில் அடைப்பதும் பலன் தரும்.

தடுப்பூசி மறக்காதீர்கள்

கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக ஆண்டுதோறும் பிப்ரவரியில் இருவார இலவசக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கையில் ஊசி போடுவார்கள். வெயில் காலத்துக்கு முன்பு அதைப் போட்டுவிட்டால், அடுத்த முறை சந்தையில் கோழி வாங்கி வரும்போது வீட்டுக் கோழிகளுக்குப் பாதுகாப்பு இருக்கும்.