உதயகிரியில் ஓர் உரோமை மரபு

பண்டைய உரோமையர் தம் கல்லறைகளைச் சாலையோரத்தில் எழுப்பினர். வழிப்போக்கரை நின்று வாசிக்கும்படி கல்லெழுத்தே அழைக்கும். கி.மு. 312இல் தொடங்கிய ஆப்பியா சாலையின் ஓரங்களில் விளங்கிய அம்மரபைப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கண்டு வியந்தேன். 1777இல் மறைந்த தளபதி டிலனாயின் கல்லறையில் இலத்தீன் வாசகம் அவ்வாறே வழிப்போக்கரை நிறுத்தி, ஏறத்தாழ 37 ஆண்டுகள் அவர் மன்னருக்கு உண்மையாய் உழைத்ததைப் போற்றுகிறது.

அவர் வழியாகவே நீலகண்டர் கிறிஸ்துவை அறிந்தார், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதரானார். அம்மறைசாட்சியின் மரணத்திற்குப் பின்னும் டிலனாய் 25 ஆண்டுகள் அதே அரசில் பணிபுரிந்தார். அந்நாள்களில் அவர் உள்ளம் பட்ட பாட்டைக் கல் கூறவில்லை. அவரைத் தீர்ப்பிட எனக்குத் துணிவில்லை. விசுவாசத்தை எடுத்துரைப்பது ஒன்று, அதற்கு விலை கொடுப்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையேதான் நம்மில் பலர் நாள்தோறும் வாழ்கிறோம்.